தபசு காலத்துப் புதுத்துணி

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், இது சாமி கதை இல்லை, சம்மணம் போடத் தேவையில்லை. பொம்பளைங்க சமாச்சாரம் என்று ஆம்பளைப் பிள்ளைகள் யாரும் எழுந்து போகவேண்டாம். இதில் ஒரு பெரிய மனுசர் கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஏரிக்குள் நின்றிருக்கிறார், அவருக்கே வெட்கம் இல்லை. ஒரு நேர்ச்சையைப் பற்றியும், ஒரு உள்பாடியைப் பற்றியும், நானூறு மீட்டர் தூரத்தைப் பற்றியும் சொல்லப் போகிறேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று தபசு காலத்துக்கு முன்னால் நடந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பைத்தான் நாங்கள் தபசு காலம் என்போம். அப்போது மாசி மாதம். எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாசி பிறந்தால் எல்லார் வீட்டு வாசலிலும் புளிதான். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற காற்று காலையில் சில்லென்று இருக்கும், பத்து மணிக்கு மேல் அதே காற்று முகத்தில் அனல் அடிக்கும். மாமரமெல்லாம் பூவெடுத்து நிற்கும். லூர்தம்மாள் வீட்டு வேப்பமரத்தடியில் நாங்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு கல்லைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். ஓடு நீக்கிய புளியைக் கல்மேல் வைத்து இரும்புக் கம்பியால் தட்டினால் கொட்டை தனியாகத் தெறிக்கும். நாரை உரித்துக் கூடையில் போடவேண்டும். நாளெல்லாம் டொக்கு டொக்கு என்று அதே சத்தம். நகமெல்லாம் கறுத்துப்போகும். களி தின்றாலும் புளிக்கும், காப்பி குடித்தாலும் புளிக்கும். இப்போது எனக்குக் கை நடுங்குகிறது, தட்டப் போவதில்லை. ஆனாலும் மாசியில் எங்காவது அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக அந்த மரத்தடிக்குத்தான் போகப் பார்க்கிறது.

லூர்தம்மாளும் நானும் ஒரே வருசத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். அவள் வீட்டுக்காரர் யாகப்பன், புளியமரம் குத்தகைக்கு எடுப்பவர். ஒரே மகன் ஆண்டோ ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவான். மருமகள் பிளசி. டிகிரி படித்தவள், கெட்டிக்காரி. போலீஸ் வேலைக்கு இரண்டு தடவை எழுதி, ஒரு மார்க் இரண்டு மார்க்கில் போய்விட்டது. மூன்றாவது தடவை வயிற்றில் பிள்ளையோடு எழுதினாள். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகும்போது, பாஸாகிவிட்டதாகவும் ஐந்து வாரத்தில் சேலத்துக்கு ஓட்டப் பரீட்சைக்கு வரச்சொல்லியும் கடிதாசி வந்தது. நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடவேண்டும். ஓடிவிட்டால் வேலை கிட்டத்தட்ட கைக்கு வந்த மாதிரி. விட்டால் அவ்வளவுதான், அடுத்த வருசம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

கடிதாசி வந்த மறுநாள் விபூதிப் புதன், தபசு தொடங்குகிற நாள். நெற்றியில் பூசிய சாம்பல் காயுமுன்னே லூர்தம்மாள் குகை மாதிரி கட்டிய மாதா கெபி முன்னால் முட்டி போட்டுவிட்டாள். பக்கத்தில் நான், யாகப்பன், இடுப்பில் பிள்ளையோடு பிளசி.

"மாதாவே, எம் மருமவளுக்கு இந்த வேலய வாங்கிக் குடு. ஈஸ்டர் வரைக்கும் எங்கூட்டுக்குள்ள புதுத்துணி ஒரு முழம் நொழையாது. இது எம் நேர்ச்ச."

எங்கள் பக்கத்தில் தபசு காலத்தில் கறி விடுவார்கள், சினிமா விடுவார்கள். துணியை விட்டவள் அவள் ஒருத்திதான்.

"கைக்குட்ட வாங்கலாமா?" என்றார் யாகப்பன்.

"வாங்கக்கூடாதுங்க. மூக்க முழங்கையில தொடைங்க."

அந்தச் சனிக்கிழமை ஆண்டோ வந்து போனதும், திங்கட்கிழமை ஓட்டம் தொடங்கியது. ஏரி வற்றிக் கிடந்தது. கிணற்றுக் கயிற்றை வைத்து யாகப்பன் அளந்து வைத்திருந்தார்: மதகிலிருந்து கருவேல மரம் வரை போய்த் திரும்பினால் நானூறு மீட்டர். விடிகிற நேரம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு லூர்தம்மாளும் நானும் கரைமேல் உட்கார்ந்திருப்போம். ஆண்டோ வாங்கி வந்த புது ஷூவோடு பிளசி மதகடியில் நிற்பாள்.

"ரெடி... ஓடு கண்ணு!" என்பார் யாகப்பன், செல்போனை அழுத்தி.

போகும்போது நன்றாகத்தான் போனாள். மரத்தைத் தொட்டுத் திரும்பும்போது ஒரு கை நெஞ்சுக்குக் குறுக்கே வந்துவிட்டது. மறு கையை மட்டும் வீசிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடி வந்தாள்.

"ரெண்டு அம்பத்திரெண்டு," என்றார் யாகப்பன். "திருடன் பஸ் ஏறி வூடு போய்ச் சேந்திருப்பான் கண்ணு."

நான் சிரித்தேன். லூர்தம்மாள் சிரிக்கவில்லை. அவள் செல்போனைப் பார்க்கவில்லை, பிளசியின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய எதுக்குப் புள்ள குறுக்க வெக்கற?"

பிளசி மாமனார் தள்ளிப் போகும்வரை இருந்துவிட்டுச் சொன்னாள். "வலிக்குதுங்க அத்த. ரெண்டு பாடிய ஒன்னுமேல ஒன்னு போட்டிருக்கேன், அப்பவும் நிக்க மாட்டங்குது. ஒவ்வொரு அடிக்கும் யாரோ உள்ளருந்து புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது. கைய எடுத்தா வலி. கைய வெச்சா வேகம் வர்ல."

"அதுக்கு என்னா பண்றது?"

"ஓடறவங்களுக்குன்னே ஒன்னு விக்கறாங்க அத்த. ஸ்போர்ட்ஸ் பிரான்னு. அரூர்லயே கெடைக்கும்."

"அது துணிதான?"

"துணிதாங்க அத்த."

"புதுசுதான?"

"பின்ன, போட்டுக் கழட்டுனத எவ குடுப்பா?"

லூர்தம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பாதி தூரம் போய்த் திரும்பி, "நான் தெச்சுக் குடுக்கறேன்," என்றாள்.

அன்றைக்குப் புளி தட்ட அவள் உட்காரவில்லை. பழைய காடாத் துணிப் பாடி இரண்டைப் பிரித்தாள். அளவுக்கு என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் ஊரில் தையற்காரர் யாரும் உடம்பில் டேப் வைக்க மாட்டார். நன்றாகப் பொருந்துகிற ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதைப் பார்த்துத் தைப்பார். அளவு ஜாக்கெட் என்போம். பிளசியின் அளவு ஜாக்கெட் கல்யாணத்துக்குத் தைத்தது. அதை விரித்துவைத்து, "கெட்டியா நிக்கணும்ல," என்று அதிலும் இரண்டு விரல்கடை குறைத்து, இரண்டு துணியை ஒன்றாக மடித்து, முதுகுப்பக்கம் ஏழு ஊக்கு வைத்தாள். பிள்ளை பெறுவதற்கு முந்தின உடம்பின் அளவு அது என்று அவளுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் இருந்த எனக்கும் தோன்றவில்லை. ஊக்கு போதாமல் என்னிடம்தான் கேட்டாள். நான் ஊக்கு போட்டு வைக்கிற பழைய சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். டப்பாவைப் பார்த்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் திறந்து ஊக்கை எடுத்துக்கொண்டாள். அந்த டப்பாவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு ஓடினாள். இரண்டு முப்பத்தெட்டு! யாகப்பன் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார். லூர்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "கடையில விக்கறதாம், கட!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பிளசி மட்டும் பேசவில்லை. மூச்சு வாங்குகிறது என்று நினைத்தோம். மூச்சை உள்ளே இழுக்கவே இடம் இல்லை என்று எங்களுக்குத் தெரியாது.

முதுகில் ஏழு ஊக்கு. ஒருத்தி உதவிக்கு வராமல் கழற்ற முடியாது. வீட்டு வேலை, புளி, பிள்ளை என்று பாதி நாள் அதோடேயே இருந்தாள். மேலே தூக்கிவிட்டுப் பால் கொடுப்பாள், அரையும் குறையுமாகத்தான் பிள்ளை குடிக்கும். துவைத்தால் கொடியில் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவது வழக்கம், இரட்டைத் துணி காயாது. ஈரத்தோடேயே மறுநாள் போட்டுக்கொள்வாள்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வந்து பார்த்தால், பிளசி பாயில் சுருண்டு கிடக்கிறாள். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஒரு பக்கம் கல்லாட்டம் இறுகிச் சிவந்து, தொடவிட மாட்டேன் என்கிறாள்.

"சேசு மரி சூசையே!" என்று லூர்தம்மாள் ஓடிப்போய் நர்சம்மா கோவிந்தம்மாளைக் கூட்டிவந்தாள். அவர் ஊக்கையெல்லாம் கழற்றி அந்தப் பாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளசியின் தோலில் வரிவரியாகத் தடம்.

"எவ தெச்சது இத?"

"நாந்தானுங்க," என்றாள் லூர்தம்மாள்.

"எதுக்கு? புளி மூட்ட கட்டறதுக்கா?"

"ஓடறதுக்குங்க நர்சம்மா. ஆடக்கூடாதுன்னு..."

"ஆடக்கூடாது, சரி. மூச்சு வுட வேணாமா? பால் எறங்க வேணாமா? இப்ப பாரு, கட்டிக்கிச்சு. இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தா சீழ் புடிச்சுக் கத்தி வெக்க வேண்டியதாப் போயிருக்கும். வாங்க ஆஸ்பத்திரிக்கு, டாக்டரப் பாத்து மாத்தர வாங்கணும். பால நிறுத்தாத புள்ள. வலிச்சாலும் குடு. அதான் மருந்து."

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, மாத்திரை போட்டு, சுடுதுணி ஒத்தடம் கொடுத்து, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பரீட்சைக்குப் பதினொரு நாள்தான் பாக்கி. அன்றைக்குச் சாயங்காலம் பிளசி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாங்கள் கொள்ளுக் கடைசலும் களியும் கொண்டுபோய் வைத்தோம். அவள் தொடவில்லை.

"அத்த, நாளைலருந்து புட்டிப்பால் குடுத்துருவோம். எனக்குப் பால் நின்னா கட்டாது. நான் பழயபடி ரெண்டு பாடியப் போட்டு ஓடிக்கறேன்."

"எட்டு மாசப் புள்ளைக்கா? நர்சம்மா என்னா சொல்லிட்டுப் போனாங்க?"

"அப்ப அந்த பிராவ வாங்கிக் குடுங்க."

"நேர்ச்ச இருக்குதே புள்ள."

"அப்ப வேல வேணாம்னு சொல்லிருங்க. மூனு வருசம் படிச்சத அடுப்புல போட்டுடறேன்."

"நேர்ச்ச வெச்சதே வேலைக்குத்தான! எனக்கா வெச்சுக்கிட்டேன்?"

பிளசி அதுவரை மாமியாரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. மூலையில் இருந்த ஷூவைக் காட்டினாள்.

"உங்க மவன் அது வாங்கிட்டு வந்தப்ப நீங்க ஒன்னுஞ் சொல்லல. சாம்பராணிகூடக் காட்டுனீங்க. அதுவும் இந்தத் தபசுலதான வந்துச்சு? அதுலயும்தான் துணி இருக்குது. காலுக்குன்னா மாதா கோச்சுக்க மாட்டாங்க, நெஞ்சுக்குன்னா மட்டும் கோச்சுக்குவாங்களா அத்த? அவங்களும் புள்ளைக்குப் பால் குடுத்தவங்கதான்."

லூர்தம்மாள் எழுந்து வெளியே வந்தாள். நான் பின்னால் வந்தேன். மரத்தடியில் உட்கார்ந்து கம்பியை எடுத்தாள். கல்மேல் புளி இல்லை, வெறும் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி ரோசா."

"சொல்லு."

"அந்தச் சோப்பு டப்பாவ இன்னும் எதுக்குடி வெச்சிருக்கற?"

எதற்கு என்று அவளுக்கே தெரியும். உங்களுக்குச் சொல்கிறேன்.

கன்னியாஸ்திரி அம்மாமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் நாங்கள் எட்டாவது படித்தோம். ஓட்டத்தில் லூர்துவை எவளாலும் தொட முடியாது. வெறுங்காலோடு ஆட்டுக்குட்டியைத் துரத்திப் பிடிப்பாள். மழைக்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரைக்கும் பந்தயம் ஓடுவோம், அவள் வீடு போய்ச் சேர்ந்து, தலை துவட்டி, வேர்க்கடலை தின்றுகொண்டு நின்று என்னை வரவேற்பாள். அந்த வருசம் விளையாட்டு விழாவுக்கு முந்தின இரவு அவள் அம்மா அவளைக் கூப்பிட்டு, சட்டைக்குள்ளே அப்பாவின் துண்டை இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். பெரியவளாகிக்கொண்டிருந்த வயது அது. உள்ளே போட என்று அந்தக் காலத்தில் எங்களுக்கு என்ன இருந்தது? மறுநாள் ஓடும்போது பாதியில் அந்தத் துண்டு நழுவி இடுப்புக்கு இறங்கிவிட்டது. மதில்மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் ஊளையிட்டார்கள். லூர்து இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு ஓடமுடியுமா? கடைசியாக வந்தாள். நான் அவளைத் தாண்டிப் போனேன். ஜென்மத்தில் அந்த ஒரு தடவைதான். முதல் பரிசு என்று ரோஸ் கலர் சோப்பு டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவள் ஓடவே இல்லை. பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டாள், நடந்துதான் போவாள். போனால் போகட்டும் என்பாள்.

"நானும் எங்கம்மா மாதிரிதான்டி இறுக்கிக் கட்டியிருக்கேன்," என்றாள் மரத்தடியில். "துண்டுக்குப் பதிலா காடாத்துணி. அவ்ளோதான்."

கம்பியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கெபிக்கு நடந்தாள். நானும் போனேன். இந்தத் தடவை முட்டி போடவில்லை, நின்றபடியே பேசினாள், அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி.

"மாதாவே, நேர்ச்சைய மாத்திக்கறேன். புதுத்துணி வூட்டுக்குள்ள வரும், ஒன்னே ஒன்னு. அதுக்குப் பதிலா ஈஸ்டர் வரைக்கும் நான் வெத்தல போட மாட்டேன்."

வெற்றிலை இல்லாமல் அவள் அரை நாள் இருந்து நான் பார்த்ததில்லை. மடியில் இருந்த வெற்றிலைப் பையை எடுத்துச் சிலைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தாள். வீட்டில் சொன்னதும் யாகப்பன் நெஞ்சில் கைவைத்தார். "அது ஒன்னுதான் உன் வாய அடச்சுக்கிட்டிருந்துச்சு. எங்கதி என்னா ஆவறது?"

மறுநாள் பிளசி, லூர்தம்மாள், நான் மூன்று பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரூருக்குப் பஸ் ஏறினோம். கடைத்தெருவில் மாடி வைத்த ஜவுளிக்கடை. உள்ளாடைப் பக்கத்தில் நின்றவள் பேர் அமுதவல்லி. முப்பது வயது இருக்கும், நல்ல தோள்பட்டை. லூர்தம்மாள் பையிலிருந்து கல்யாண அளவு ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுக்கு ஒரு ஓட்டப் பாடி குடும்மா. ஒரு அளவு பெருசாவே குடு. தொவச்சா சுருங்கும்."

அமுதவல்லி ஜாக்கெட்டைத் தொடவில்லை. "இது ஸ்கூல் யூனிபார்ம் இல்லீங்க ஆத்தா, தள்ளி எடுக்கறதுக்கு. ஓடப்போறது ஜாக்கெட்டா, இந்த அக்காவா? அக்கா, நீங்க மேல வாங்க. பால் குடுக்கறீங்களா? மொதல்ல பாப்பாவுக்குக் குடுத்துருங்க. ஓடறதுக்கு முன்னால குடுத்துட்டுத்தான ஓடுவீங்க? அந்த நேரத்து அளவுதான் நமக்கு வேணும்."

மாடியில் பெட்டி பெட்டியாகத் துணி அடுக்கின அறை. பிளசி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பால் கொடுத்தாள். பிள்ளை தூங்கிப்போனது, நான் வாங்கிக்கொண்டேன். அமுதவல்லி கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். மார்புக்குக் கீழே சுற்றி ஒரு அளவு, மார்புமேல் சுற்றி ஒரு அளவு.

"தாங்கறது தோள்பட்டைல வர்ற வாரு இல்லீங்க, கீழ சுத்தி வர்ற இந்தப் பட்டி. இது நல்லா புடிச்சு நிக்கணும். ஆனா ரெண்டு வெரல் உள்ள போவணும். நான் காலேஜ்ல கபடி ஆடுனவ, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

முதலில் தலைவழியாகப் போடுகிற ஒன்று. போட்டாயிற்று, கழற்ற முடியவில்லை. பிளசி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முகம் மூடி நிற்க, அமுதவல்லி ஒருபக்கம், லூர்தம்மாள் ஒருபக்கம் இழுக்க, உள்ளேயிருந்து பிளசி சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை நாள் கழித்து அவள் சிரித்தாள்!

"வேர்வையில இது வேணாம்," என்றாள் அமுதவல்லி. "வெளிய வந்ததும் பாப்பா அழும். முன்னால ஜிப்பு வெச்சது பாக்கலாம்."

ஜிப்பு வைத்ததில் முதல் ஒன்று மேலே பிதுங்கியது. "சின்னது." அடுத்தது கையைத் தூக்கினால் பட்டி மேலே ஏறியது. "பெருசு. கழட்டுங்க." லூர்தம்மாள், "இதுவே போதும்மா, ஊக்கு வெச்சுப் புடிச்சுத் தெச்சுக்கறேன்," என்று வாயெடுத்தாள். பிளசி திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

நான்காவதாக ஒன்று, கருநீலம். ஜிப்புக்கு உள்ளே ஒரு ஊக்கும் இருந்தது. பிளசி இழுத்துப் போட்டு மூச்சை நன்றாக உள்ளே வாங்கினாள், விட்டாள். மறுபடியும் வாங்கினாள்.

"கைய மேல தூக்குங்க... ஏறல. குனிங்க... பிதுங்கல. தோள்ல அறுக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப குதிங்க."

"இங்கியா?"

"பின்ன, சேலத்துக்குப் போயா? நல்லாக் குதிங்க. நின்ன எடத்துலயே ஓடுங்க."

பிளசி குதித்தாள். மரப்பலகைத் தளம், கடையே அதிர்ந்தது. கை மட்டும் பழக்கத்தில் நெஞ்சுக்கு வரப்பார்த்தது. "கைய வுடு புள்ள!" என்று கத்தினாள் லூர்தம்மாள். பிளசி கையை விட்டுவிட்டுக் குதித்தாள். கீழேயிருந்து முதலாளியின் குரல் வந்தது: "மேல என்னாம்மா, புளி தட்டறாங்களா?"

"ஆமாங்க மொதலாளி, இன்னும் ரெண்டு கூடை!" என்றாள் லூர்தம்மாள்.

பிளசி மூச்சிரைக்க நின்றாள். கண்ணில் தண்ணீர். "அத்த, வலிக்கல," என்றாள்.

இறங்கும்போது அமுதவல்லி சொன்னாள்: "ஓடி முடிச்சதும் கழட்டிரணும். அதோட தூங்கக்கூடாது. வெயில்ல நல்லாக் காயப்போடுங்க. ஆத்தா, உங்களுக்கும் ஒன்னு பாக்கட்டுமா?"

"இனிமே என்னைய எவன் தொரத்தறான்?" என்றாள் லூர்தம்மாள். ஆனால் அந்தக் கருநீலத் துணியை அவளேதான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

மெல்ல மெல்லத்தான் ஓடவிட்டோம். முதல் நாள் நடை, அப்புறம் பாதி தூரம். நான்காம் நாள் இரண்டு இருபத்தாறு. யாகப்பன் செல்போனைக் குலுக்கிப் பார்த்தார், கெட்டுப்போய்விட்டதோ என்று.

சேலத்தில் பரீட்சை அன்றைக்கு விடிகாலை ஆறு மணிக்கு மைதானத்து மதில் ஓரம் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெரிய இரும்புக் கேட்டு, அதற்கு மேல் யாரையும் விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையோடு எதிர்க்கடை நிழலில் நின்றோம். சர்டிபிகேட்டு பார்க்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள் என்று மணி ஏழாகி, ஒன்பதாகி, பதினொன்றும் ஆகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. பிள்ளை கஞ்சியைத் துப்பிவிட்டு அழுதது.

"அஞ்சு மணி நேரம் ஆயிருச்சுடி ரோசா. இந்நேரம் அவளுக்கு நெறஞ்சு கல்லாட்டம் இருக்கும். அதோட எப்படி ஓடுவா?" லூர்தம்மாள் வெற்றிலை இல்லாத வாயை மென்றுகொண்டே இருந்தாள்.

உள்ளே விசில் ஊதியது. கேட்டுத் தகரத்தில் ஒரு விரல்கடை சந்து. லூர்தம்மாள் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணுங்களா, ஓடினாள். ஐம்பது வருசத்துக்கு அப்புறம் பத்தடி தூரம் ஓடினாள். சந்தில் கண்ணை வைத்தாள்.

"தெரியுதா?" என்றேன்.

"பொண்ணுங்க போறாங்க... ஒருத்தி, ரெண்டு பேரு... இவ இல்ல."

"நல்லாப் பாரு."

"வர்றா. வளைவுல வர்றா. மூனாவதா வர்றா." அப்புறம் பேச்சே இல்லை. எனக்குப் பதறிப்போனது.

"என்னா ஆச்சுடி? வுழுந்துட்டாளா?"

"ரெண்டு கையும் வீசறா," என்றாள். "ரோசா, ரெண்டு கையும் வீசிக்கிட்டு ஓடறாடி. கையக் கட்டிக்கவே இல்ல."

அரைமணி கழித்துப் பிளசி வெளியே வந்தாள். "எங்க பாப்பா?" என்றுதான் முதலில் கேட்டாள். ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் உட்கார்ந்து, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, ஒரே இழுப்பில் ஜிப்பைத் திறந்தாள். பிள்ளை மூச்சுவிடாமல் குடித்தது. பிளசி தலையைச் சாய்த்து மாமியாரைப் பார்த்தாள்.

"ரெண்டு பதினெட்டுங்க அத்த."

லூர்தம்மாள் தன் முந்தானையால் அவள் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், வேர்வை போன பின்னும்.

பஸ்ஸில் வரும்போது பிளசியும் பிள்ளையும் தூங்கிவிட்டார்கள். ஜன்னல் வழியாக மாம்பூ வாசனை. லூர்தம்மாள் என் தொடையில் தட்டினாள்.

"அந்தச் சோப்பு டப்பா என்னுதுடி."

"உன்னுதுதான். வூட்டுக்குப் போனதும் எடுத்துக்க."

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தாள். "வேணாம். நீயே வெச்சுக்க. ஊக்கு போட்டு வெக்கத்தான் ஆவும் அது."

பிளசி இப்போது காக்கிச் சட்டை போட்டுவிட்டாள். அந்தக் கருநீலம் நைந்து, அதற்கப்புறம் இரண்டு வாங்கிவிட்டாள். லீவில் வந்தால் அதைக் கொடியில் துண்டுக்கு அடியில் போடுவதில்லை. யாகப்பனின் வேட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் காய்கிறது. போடுபவள் லூர்தம்மாள்தான். பேத்தி அந்தக் கொடிக்கு அடியில் ஓடுகிறாள், கிழவி வாய் நிறைய வெற்றிலையோடு துரத்துகிறாள். பிடிக்க முடிவதில்லை.

சரி, நேரமாகிறது, எழுந்திருங்கள் கண்ணுங்களா. உங்கள் வீட்டு அடுப்பில் உலை அடங்காமல் கொதிக்கட்டும். பால் குடிக்கிற பிள்ளை வயிறு நிறையக் குடித்துத் தூங்கட்டும். உங்கள் வீட்டுக்கு வந்தவளும் உங்கள் வீட்டில் பிறந்தவளும் மூச்சை முழுசாக இழுத்து விடட்டும். அவர்கள் எங்கே ஓடினாலும், இரண்டு கையையும் வீசி ஓடட்டும்.